மில்கிராம் சோதனையில் சொல்லப்பட்ட பொய்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1961 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. ஞாபகசக்தி பற்றிய ஆராய்ச்சிக்கு 500 ஆண்கள் தேவை. ஒரு மணி நேரம் வந்து போனால் 4 டாலர், வண்டிச் செலவுக்கு 50 சென்ட். தனிப் படிப்போ அனுபவமோ வேண்டியதில்லை. முடிதிருத்துபவர், ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா, வியாபாரி என யார் வேண்டுமானாலும் வரலாம். வயது 20க்கும் 50க்கும் இடையில் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் மட்டும் கூடாது. ஆராய்ச்சி நடக்கும் இடம் யேல் பல்கலைக்கழகம்.

இதில் பணம் நிஜம், இடம் நிஜம், ஞாபகசக்தி பொய். ஸ்டான்லி மில்கிராம் என்ற இளம் உதவிப் பேராசிரியர் தெரிந்துகொள்ள நினைத்தது வேறு. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக ஒரு சாதாரண மனிதர், தனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத இன்னொருவரை எந்த எல்லை வரை வதைப்பார்? அதே வருடம் ஏப்ரலில்தான் ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு தொடங்கியிருந்தது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றும் ஏற்பாடுகளைக் கவனித்த அதிகாரி, மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்று கூண்டில் நின்று சொன்னார். மில்கிராம் யூதக் குடும்பத்துப் பிள்ளை. ஏட்டுக் கேள்வியாக அவர் இதை எடுக்கவில்லை.

முடிவு பலருக்கும் தெரிந்ததுதான். முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர், அதாவது 65 சதவீதம், இன்னொருவருக்கு மின்சார ஷாக் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட இயந்திரத்தின் கடைசி சுவிட்சான 450 வோல்ட் வரை போனார்கள். உளவியல் படித்தவர்கள் யாரும் இந்த எண்ணைக் கடக்காமல் வந்திருக்க மாட்டார்கள். இங்கே நான் பார்க்க விரும்புவது அந்த எண்ணைப் பெறுவதற்காக வந்தவர்களிடம் என்னென்ன பொய்கள் சொல்லப்பட்டன, அவற்றில் எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை, சொன்ன பொய்யை எப்போது திரும்ப வாங்கினார்கள் என்பதை. மில்கிராமை ஆதரிப்பவர்களும் சரி, திட்டுபவர்களும் சரி, "ஏமாற்றியது நியாயமா?" என்று மொத்தமாகவே கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். பொய்களைப் பிரித்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எது எங்கே தவறியது என்று தெரியும்.

அறைக்குள் நடந்தது

குறித்த நேரத்துக்கு வருபவரைச் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் வரவேற்பார். விஞ்ஞானி மாதிரி இருக்கும் இவர் உண்மையில் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவர். அங்கே இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். 47 வயது, கணக்கர், சாதுவான முகம். விளம்பரம் பார்த்து வந்தவர் என்று அறிமுகம் செய்வார்கள். அவர் மில்கிராமின் ஆள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டு எடுப்பார்கள். இரண்டு சீட்டிலும் "ஆசிரியர்" என்றுதான் எழுதியிருக்கும்.

பிறகு மாணவரைப் பக்கத்து அறையில் நாற்காலியோடு வார்போட்டுக் கட்டுவார்கள். தோல் கொப்பளிக்காமல் இருக்க என்று சொல்லிக் கையில் பசை தடவி மின்முனையைப் பொருத்துவார்கள். ஷாக் நன்றாக வலிக்கும், ஆனால் நிரந்தரச் சேதம் வராது என்று கோட்டுக்காரர் சொல்வார். ஆசிரியருக்கு முன்னால் இருக்கும் இயந்திரத்தில் 30 சுவிட்சுகள். 15 வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்து பதினைந்தாக ஏறி 450இல் முடியும். கடைசிப் பக்கத்தில் "ஆபத்து: கடுமையான ஷாக்" என்ற எச்சரிக்கை, அதையும் தாண்டி வெறும் மூன்று எக்ஸ் குறிகள். இயந்திரம் வேலை செய்கிறது என்று காட்ட, ஆசிரியரின் கையிலேயே 45 வோல்ட் ஷாக் ஒன்று கொடுப்பார்கள். அங்கே உண்மையில் யார் உடம்பிலாவது மின்சாரம் பாய்ந்தது என்றால் அது அந்த ஒரு தடவைதான்.

சொல் ஜோடிகளை வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும்; தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி ஏற்ற வேண்டும். முதல் வகைச் சோதனையில் 300 வோல்ட்டில் மாணவர் சுவரை உதைப்பார், 315இல் மறுபடி உதைப்பார், அப்புறம் சத்தமே வராது. பின்னால் செய்த வகைகளில் ஒலிப்பதிவு செய்த அலறலும் கெஞ்சலும் சேர்ந்தன. 150 வோல்ட்டில் "என்னை வெளியே விடுங்கள்" என்று கத்துவார். இதயத்தில் கோளாறு இருப்பதாக முன்கூட்டியே சொல்லியும் வைத்திருப்பார். ஆசிரியர் தயங்கினால் கோட்டுக்காரரிடம் நான்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. "தயவுசெய்து தொடருங்கள்." "நீங்கள் தொடர்வது இந்தச் சோதனைக்குத் தேவை." "நீங்கள் தொடர்ந்தே ஆவது மிக மிக அவசியம்." கடைசியாக: "உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்துதான் ஆகவேண்டும்."

1963இல் வெளிவந்த கட்டுரையில் மில்கிராம் தன் கண்ணால் பார்த்ததை ஒளிக்காமல் எழுதினார். வந்தவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், நகத்தைத் தங்கள் சதையிலேயே பதித்துக்கொண்டார்கள். 40 பேரில் 14 பேருக்குச் சம்பந்தமில்லாத சிரிப்பு பீறிட்டது. 3 பேருக்கு அடக்க முடியாத வலிப்பே வந்தது. அதில் ஒருவருக்கு அது கடுமையாகிச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. சிரித்த முகத்தோடு, தெம்பாக உள்ளே வந்த ஒரு வியாபாரி 20 நிமிடத்துக்குள் உடல் துடிக்க, நாக்குழற, நிலைகுலைந்து விழும் கட்டத்துக்கு வந்ததையும் அவரே பதிவு செய்கிறார். பின்னால் வந்த கண்டனம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இந்தக் கட்டுரையிலேயே இருந்தது.

எல்லாப் பொய்யும் ஒன்றல்ல

முதல் பொய், ஆராய்ச்சியின் நோக்கம் பற்றியது. நீங்கள் கீழ்ப்படிகிறீர்களா என்று பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கீழ்ப்படிதலை அளக்க முடியாது. கவனிக்கப்படுவது எது என்று தெரிந்தவுடன் மனிதர்கள் அந்த விஷயத்தில் நல்லவர்களாகிவிடுவார்கள். மில்கிராமுக்கு முன்னோடியான சாலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனையிலும் இதே பொய்தான். கண்பார்வைச் சோதனை என்றார்கள். உண்மையில் பார்த்தது, கூட இருப்பவர்கள் எல்லாரும் தப்பாகச் சொன்னால் இவரும் ஒத்துப்போகிறாரா என்பதை. வந்தவருக்குக் கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் குழப்பம். உண்மையைச் சொன்னதும் பெரும்பாலும் அது தீர்ந்துவிடக் கூடியது. இந்த அளவுக்குள் நிற்கும் பொய்யை நான் ஏற்கிறேன். இதைக்கூடத் தடை செய்தால் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதற்குப் பதில், எப்படி நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரியவரும். மில்கிராம் 40 மனநல மருத்துவர்களிடம் சோதனையை விவரித்து முடிவை ஊகிக்கச் சொன்னார். கடைசி சுவிட்ச் வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான் என்று அவர்கள் கணித்தார்கள். வாயால் கேட்டு அறியும் வழி எவ்வளவு தூரம் தவறும் என்பதற்கு இது போதும்.

இரண்டாவது பொய், இயந்திரமும் பக்கத்து அறை மனிதரும். இதற்கும் ஒரு நியாயம் உண்டு. நிஜமாக ஷாக் கொடுக்க முடியாது, ஆகவே நாடகம். ஆனால் "யாருக்கும் வலிக்கவில்லையே" என்று மில்கிராம் தரப்பு சொல்வது பாதி உண்மை. வலி இடம் மாறியது, அவ்வளவுதான். நாற்காலியில் கட்டியிருந்தவர் நடித்தார். சுவிட்சைத் தொட்டவர் நடிக்கவில்லை. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேனோ என்ற எண்ணம் அரை மணி நேரம் அவர் மனதில் ஓடியது நிஜம்.

மூன்றாவது பொய்தான் என்னை அதிகம் உறுத்துகிறது: "உங்களுக்கு வேறு வழியே இல்லை." வழி இருந்தது. எழுந்து கதவைத் திறந்து போயிருக்கலாம். 40 பேரில் 14 பேர் நடுவில் நிறுத்தினார்கள், யாரும் அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. வந்தவுடனே, இந்தப் பணம் நீங்கள் வந்ததற்கே உரியது, இனி என்ன நடந்தாலும் உங்களுடையது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் இரண்டு பொய்களும் வெளியுலகத்தைப் பற்றியவை. மூன்றாவது, அந்த மனிதரின் சொந்த உரிமையைப் பற்றியது. சம்மதம் என்பது ஒரு தடவை கையெழுத்துப் போட்டதோடு முடிகிற காரியம் இல்லை. எந்த நிமிடமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உயிர். அந்த உரிமை இல்லை என்று சொன்ன நிமிடத்தில் அவர் பங்கேற்பாளர் என்ற நிலையை இழக்கிறார்.

இந்தப் பொய்யால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம் என்று பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. கலிபோர்னியாவில் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் ஜெரி பர்கர் இந்தச் சோதனையின் ஒரு பகுதியை மறுபடி செய்து 2009இல் வெளியிட்டார். அதில் பங்கேற்றவர்களின் பேச்சை 2011இல் தன் குழுவோடு ஆராய்ந்தார். அந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்ட ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. வாக்கியம் உத்தரவு போல ஆக ஆக மறுப்புதான் கூடியது. மூன்று பொய்களில் மிக மோசமானது, மிகக் குறைவாகப் பயன்பட்ட பொய்.

எழுதி வைத்த நான்கு வாக்கியங்களோடும் அவர்கள் நிற்கவில்லை. யேல் ஆவணக் காப்பகத்தில் அன்றைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு ஆராய்ந்தவர்கள், கோட்டுக்காரர் அந்த வரம்பைத் தாண்டி வற்புறுத்தியதையும் வாதாடியதையும் காட்டியிருக்கிறார்கள். சில அமர்வுகளில் பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுபோல் போய் வந்து, மாணவர் தொடரச் சம்மதிக்கிறார் என்றே சொல்லியிருக்கிறார். கட்டுரையில் இருக்கும் சோதனை ஒன்று, அறையில் நடந்தது வேறொன்று. பொய்க்கு வரம்பு போட்டுவிட்டு அந்த வரம்பை யாரும் காவல் காக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு நேரெதிரான ஒரு சங்கதியும் மில்கிராமின் பதிவுகளிலேயே இருக்கிறது. ஒரு வகையில் கோட்டுக்காரர் அறையை விட்டுப் போய் ஃபோனில் உத்தரவு கொடுப்பார். அப்போது கடைசி வரை போனவர்கள் 20 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். அவர்களைத் தவிர வேறு சிலர், சொன்னபடி ஏற்றிக்கொண்டே போகிறேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, மிகக் குறைந்த சுவிட்சையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாத ஒரு மனிதரைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் சொன்ன பொய் அது. அந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வீட்டுக்கு அனுப்பிய விதம்

சோதனை முடிந்ததும் பங்கேற்பாளர் நல்ல மனநிலையில் வெளியேற ஏற்பாடு செய்தோம், "மாணவர்" வந்து கைகுலுக்கிச் சமாதானமாகப் பேசினார் என்று 1963 கட்டுரை சொல்கிறது. படித்தவர்கள் பலரும், உடனே முழு உண்மையும் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜீனா பெரி யேல் ஆவணங்களைப் புரட்டி, பங்கேற்றவர்களில் பலரை நேரில் கண்டு பேசியபோது வேறு படம் வந்தது. மொத்தம் சுமார் 780 பேர். அவர்களில் பெரும்பாலோரிடம் அன்றைக்கு முழு உண்மை சொல்லப்படவில்லை. ஷாக் நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை, அவர் கொஞ்சம் பதறிவிட்டார் என்கிற மாதிரி சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். ஒரு பொய்யை ஆற்ற இன்னொரு பொய். 1962 கோடையில் தபாலில் ஓர் அறிக்கை வந்த பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது.

காரணம் எளிது. நியூ ஹேவன் அப்போது ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர். உண்மையைச் சொன்னால் வெளியே பரவிவிடும், அடுத்து வருகிறவர் நம்ப மாட்டார். ஆராய்ச்சியாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் புரிகிறது. மறுபக்கத்தில், பின்னால் அனுப்பிய கேள்வித்தாளில் ஒருவர் எழுதிய பதில் இருக்கிறது. தன்னால் அந்த "மாணவர்" இறந்திருப்பாரோ என்று பயந்து, குறைந்தது இரண்டு வாரம் நாளிதழின் மரண அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். 4 டாலருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தவர் அவர். அந்த இரண்டு வாரத்தை அவரிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை.

உண்மையை உடனே சொல்வதால் அடுத்த பங்கேற்பாளர் கெட்டுப்போவார் என்றால், அந்தச் செலவு ஆராய்ச்சியின் கணக்கில்தான் விழ வேண்டும். வேறு ஊரில் ஆள் தேடலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், சில வகைகளைக் கைவிடலாம். மில்கிராமின் குழு அந்தச் செலவை வந்தவர்களின் தலையில் வைத்தது. ஏமாற்றியதைவிட, அந்தப் பொய்யோடே வீட்டுக்கு அனுப்பியது பெரிய தவறு என்பது என் தீர்மானமான கருத்து.

பாம்ரிண்டின் கண்டனமும் மில்கிராமின் பதிலும்

1964இல் பெர்க்லியில் இருந்த உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் அமெரிக்க உளவியல் சங்கத்தின் இதழில் கண்டனம் எழுதினார். ஆய்வகம் மற்ற இடங்களைப் போன்றது இல்லை, அங்கே வருகிறவர் நிபுணரை நம்பி, தன்னை ஒப்படைத்துக்கொண்டு வருகிறார்; கீழ்ப்படியும் மனநிலை அந்த இடத்திலேயே இருக்கிறது என்றார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி அவரை அவமதித்தால், தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணமும், இனி அதிகாரத்தில் இருப்பவர்களை நம்பும் திறனும் சிதையலாம் என்றார். வந்தவர்கள் நடுங்கியதை இத்தனை விவரமாக எழுதியவர், அவர்கள் தேறிவிட்டார்கள் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிப் போவது அவருக்கு ஒப்பவில்லை.

மில்கிராமின் பதில் அதே வருடம் வந்தது. இவ்வளவு பதற்றம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வந்த பிறகும் நீடித்த பாதிப்பின் அறிகுறி தெரியாததால் தொடர முடிவு செய்தேன் என்றார். முதல் பாதியை ஏற்பது கடினம். 1960 கடைசியிலேயே யேல் மாணவர்களை வைத்து ஒரு முன்னோட்டம் நடந்தது. எவ்வளவு தூரம் போவார்கள் என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது. சரி, பதற்றத்தின் அளவு புதிது என்றே வைத்துக்கொள்வோம். முதல் 40 பேருக்குப் பிறகு அதுவும் தெரிந்த விஷயம். அப்புறமும் இருபதுக்கு மேற்பட்ட வகைகளில், 1962 மே வரை, நூற்றுக்கணக்கானவர்களை அதே நாற்காலியில் உட்கார வைத்தார். விளைவு தெரியாமல் ஒருவரை ஏமாற்றுவதற்கும், என்ன ஆகும் என்று பார்த்த பிறகு எழுநூற்றுச் சொச்சம் பேரை ஏமாற்றுவதற்கும் ஒரே நியாயத்தைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு புது வகைக்கும் புதிதாகக் கணக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் சில வகைகள் தேறும். மாணவரை அதே அறையில் கண்ணெதிரே உட்கார வைத்தபோது கடைசி வரை போனவர்கள் 40 சதவீதமாகவும், அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டியிருந்தபோது 30 சதவீதமாகவும் குறைந்தார்கள். கூட இருந்த இரண்டு "ஆசிரியர்கள்" மறுத்து எழுந்தபோது 10 சதவீதம்தான். எதிர்க்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனிதர் எவ்வளவு மாறுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. பிரிட்ஜ்போர்ட் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில், யேலின் பெயரை மறைத்து, ஏதோ தனியார் ஆராய்ச்சி நிறுவனம் என்று சொல்லி நடத்தியதில் 47.5 சதவீதம். இங்கே இடமும் பொய்யாகிவிட்டது.

தேறாத வகை ஒன்று உண்டு. மில்கிராம் அதை வெளியிடவே இல்லை. வருகிறவரிடம் நண்பரையோ உறவினரையோ கூட்டிவரச் சொன்னார்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். மாணவரான நண்பரைத் தனியே வைத்து விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். 20 ஜோடிகளில் 3 பேர்தான் கடைசி வரை போனார்கள், 15 சதவீதம். விஞ்ஞான ரீதியில் மதிப்புள்ள முடிவு. 65 சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதற்காக ஒரு மனிதரின் நண்பரையே அவருக்கு எதிரான பொய்யில் பங்காளியாக்கினார்கள். ஆய்வகம் தன் பொய்யை ஆய்வகத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு நடுவில் வெளியே இருந்த உறவைக் கருவியாக எடுக்க அதற்கு எந்த உரிமையும் இல்லை.

"மகிழ்ச்சி" என்ற பதில்

மில்கிராமின் பலமான வாதம் கேள்வித்தாளில் இருந்து வருகிறது. 92 சதவீதம் பேர் அதை நிரப்பி அனுப்பினார்கள். அவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார்கள், 15 சதவீதம் பேர் எந்தப் பக்கமும் சாயவில்லை, வருந்தியவர்கள் 1.3 சதவீதம் மட்டுமே. ஏமாந்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள், வெளியிலிருந்து நீங்கள் யார் என்பது அவர் நிலை.

இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. வியட்நாம் போர்க் காலத்தில் ஓர் இளைஞர் மில்கிராமுக்குக் கடிதம் எழுதினார். இந்தச் சோதனையில் கலந்துகொண்டதுதான் தன் கண்ணைத் திறந்தது என்றும், மனச்சாட்சிப்படி ராணுவத்தில் சேர மறுத்திருப்பதாகவும், அதற்காகச் சிறை போகவும் தயார் என்றும் சொன்னார். அந்த மாற்றம் உண்மையானது.

ஆனாலும் பின்னால் வரும் மகிழ்ச்சி முன்னால் கேட்காத சம்மதத்துக்கு ஈடாகாது. அந்தக் கேள்வித்தாள் எதோடு வந்தது என்று பாருங்கள். நீங்கள் யாரையும் துன்புறுத்தவில்லை, உங்கள் நடத்தை முற்றிலும் இயல்பானது, மற்றவர்களுக்கும் இதே தவிப்பு இருந்தது, அறிவியலுக்கு உதவினீர்கள் என்று சொல்லும் அறிக்கையோடு வந்தது. தன்னைக் கொலைகாரனோ என்று சந்தேகித்தவரிடம் அதைச் சொல்லிவிட்டு, மகிழ்ச்சியா என்று கேட்டால் வருகிற பதிலில் நிம்மதி எவ்வளவு, சம்மதம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. பொய்யை விளக்கிச் சொன்னால் அது அழிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். 1975இல் லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹப்பர்ட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் இதையே சோதித்தார்கள். தற்கொலைக் குறிப்புகளில் நிஜம் எது, போலி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, இஷ்டத்துக்கு மதிப்பெண் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண் முழுக்க இட்டுக்கட்டியது என்று விளக்கினார்கள். விளக்கம் கேட்ட பிறகும், அதிக மதிப்பெண் பெற்றவர்கள் தங்களுக்குத் திறமை உண்டென்றும், குறைவாகப் பெற்றவர்கள் இல்லையென்றுமே நினைத்தார்கள். பொய்யான சேதியே இப்படி ஒட்டிக்கொள்கிறது. மில்கிராமின் அறையில் வந்தவர் அறிந்துகொண்டது உண்மை. இயந்திரம் போலி என்பதை விளக்கிவிடலாம். 450 வோல்ட் சுவிட்சைத் தன் விரல் அழுத்தியது போலி இல்லை. "நீ யாரையும் வதைக்கவில்லை" என்று சொல்ல முடியும், "நீ வதைக்கத் தயாராக இல்லை" என்று சொல்ல முடியாது. ஞாபகசக்திக்காக வந்தவரிடம், அவர் கேட்காமலேயே, வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஓர் உண்மையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது நல்லதாகவும் முடியலாம், அந்த இளைஞருக்கு முடிந்தது போல. அதைப் பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு யாருக்கும் தரப்படவில்லை.

நம்பினார்களா?

ஏமாற்றுவதன் ஒரே நியாயம் அது வேலை செய்கிறது என்பது. அந்தக் கேள்வித்தாளிலேயே, ஷாக் நிஜம் என்று முழுக்க நம்பியதாகச் சொன்னவர்கள் 56 சதவீதம். சந்தேகம் இருந்தாலும் பெரும்பாலும் நம்பியவர்கள் 24 சதவீதம். மீதிப் பேர் தெளிவில்லாமல் இருந்தார்கள் அல்லது நம்பவில்லை. யார் நம்பினார்கள், யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று ஒப்பிட்டு மில்கிராமின் உதவியாளர் அப்போதே கணக்குப் போட்டிருக்கிறார், அது வெளிவரவில்லை. ஜீனா பெரியும் அவருடைய சகாக்களும் 2020இல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். நம்பியவர்கள் நடுவில் மறுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அப்படியானால் 65 சதவீதம் என்ற எண்ணையே வேறு மாதிரிப் படிக்க வேண்டும்.

சமூக உளவியலாளர் ஹெர்பர்ட் கெல்மன் 1967இலேயே இன்னொரு ஆபத்தைச் சொல்லிவிட்டார். உளவியலாளர்கள் பொய் சொல்வார்கள் என்ற பெயர் பரவினால் வருகிறவர்கள் எல்லாம் சந்தேகத்தோடு வருவார்கள், அப்புறம் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. பரிசோதனைப் பொருளாதாரத் துறை இந்த வாதத்தைக் கடுமையாகவே எடுத்துக்கொண்டது. பங்கேற்பாளரை ஏமாற்றிய ஆய்வை வெளியிடுவதில்லை என்பது அந்தத் துறை இதழ்களின் வழக்கம்.

இன்றைக்கு இது வந்தால்

விதிகள் மாறிவிட்டன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் இப்போதைய நெறிமுறை ஏமாற்று உத்தியை முழுக்கத் தடுக்கவில்லை. வேறு வழி இருக்கக் கூடாது, கிடைக்கும் அறிவு அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. உடல் வலியோ கடுமையான மனவேதனையோ தரக்கூடிய ஆய்வில் அதைப் பற்றி ஏமாற்றக் கூடாது என்கிறது. உண்மையை முடிந்தவரை அவர் பங்கு முடிந்ததுமே சொல்ல வேண்டும், தன் தரவை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அமெரிக்க அரசின் 2018 திருத்த விதிகள், ஆபத்தில்லாத சில நடத்தை ஆய்வுகளில் "சில விஷயங்கள் மறைக்கப்படலாம்" என்பதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தன. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், ஏமாற்று உள்ள ஆய்வுகளை நெறிமுறைக் குழு முழுமையாகக் கூடிப் பரிசீலிக்கச் சொல்கின்றன.

பர்கர் இந்த வேலிக்குள்தான் வேலை செய்தார். மனநலப் பிரச்சினை உள்ளவர்களை முன்பே வடிகட்டினார். மாதிரி ஷாக்கை 15 வோல்ட்டாகக் குறைத்தார். எப்போது வேண்டுமானாலும் போகலாம், 50 டாலர் உங்களுடையதுதான் என்று மூன்று தடவை சொன்னார். 150 வோல்ட்டைத் தாண்டுகிறாரா என்பதோடு நிறுத்திவிட்டார். மில்கிராமின் சோதனையில் அந்த இடத்தைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் பேர் கடைசி வரை போயிருந்தார்கள். முடிந்த சில விநாடிகளில் "மாணவர்" உள்ளே வந்து நன்றாக இருப்பதைக் காட்டினார். 70 சதவீதம் பேர் 150ஐத் தாண்டத் தயாராக இருந்தார்கள். அதே கட்டத்தில் மில்கிராமுக்குக் கிடைத்தது 82.5 சதவீதம். 2006இல் லண்டனில் மெல் ஸ்லேட்டரின் குழு இயந்திரப் பொய்யையே எடுத்துவிட்டது. ஷாக் வாங்குபவர் கணினியில் உருவான பெண், நிஜம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவளைப் பார்த்தும் கேட்டும் பழகியவர்களின் உடம்பு அப்படியும் நிஜத்தில் பதறுவது போலவே பதறியது.

இரண்டிலும் குறை உண்டு. 150இல் நிறுத்தியவர் 450 வரை போயிருப்பாரா என்பது ஊகம்தான். கணினிப் பெண்ணிடம் காட்டும் தயக்கம் மனிதரிடம் காட்டும் தயக்கத்துக்குச் சமமா என்பதும் கேள்விதான். அந்தக் குறையோடு வாழலாம் என்பது என் நிலை. ஒரு நெறிமுறைக் குழு முன் மில்கிராமின் திட்டம் இன்றைக்கு வந்தால், நோக்கத்தை மறைக்க நான் சம்மதிப்பேன், நாடகத்தைப் பர்கரின் வரம்போடு அனுமதிப்பேன், நான்காவது வாக்கியத்தை அடித்துவிடுவேன், உறவினரைக் கூட்டிவரும் வகையைத் திருப்பி அனுப்புவேன். அமர்வுகளின் பதிவை வெளியாள் ஒருவர் கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்குவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்றைய விதியும் போதாது என்று நினைக்கிறேன். தரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் படிவத்தில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. பங்கேற்பாளர் நிம்மதியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கேட்கக் கூடாது. சில நாள் கழித்து, சோதனையை நடத்தாத ஒருவர் கூப்பிட்டு, "உங்களிடம் பொய் சொல்லிப் பெற்றது இது, நாங்கள் பயன்படுத்தலாமா?" என்று நேராகக் கேட்க வேண்டும். மில்கிராமின் 780 பேரிடம் அப்படிக் கேட்டிருந்தால், கடைசி வரை போனவர்கள்தான் அதிகம் பேர் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடும், 65 சதவீதம் என்ற எண் சாய்ந்திருக்கக்கூடும். அந்த இழப்பை ஏற்கத் தயாராக இருக்கும் ஆராய்ச்சியாளருக்குத்தான் ஏமாற்ற அனுமதி கொடுக்க வேண்டும்.